பின்வீட்டு நீல மேசை

அக்டோபர் 4, சனி

வெயிலும் இல்லை, மழையும் இல்லை. சிறுமலைப் பக்கம் மேகம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. முழங்காலில் குடைச்சல்.

ஒரு வாரம் கழித்துக் குழாயில் ஆத்தூர் அணைத் தண்ணீர் வந்தது. குடங்களைப் பிடித்து வைப்பதற்குள் பாதி உயிர் போய்விட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால் முன்வாசலில் பழைய இரும்புக்காரர் வண்டி. வண்டி மேல் என் இரும்பு மேசை, நாலு காலும் வானத்தைப் பார்த்தபடி. பக்கத்தில் என் மடக்கு நாற்காலிகள் ஆறும்.

தம்பி பெண்டாட்டி லூர்து நின்று எடை போடச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"யாரக் கேட்டு எடுத்துப் போட்ட?"

"மதினி, அது மழையில கெடந்து இத்துப் போச்சு. அடியில பூராவும் கொசு. யாரக் கேக்கணும்? நம்ம வீட்டுச் சாமான் தான?"

நம்ம வீடு. இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நூல் மில்லில் வைண்டிங் பிரிவில் நின்ற காலத்தில் என் சம்பளத்தில் வாங்கிய மேசை. தம்பி சூசைக்கு அப்போது மீசை கூட முளைக்கவில்லை. லூர்து எந்த ஊரில் இருந்தாளோ.

வண்டிக்காரர் பார்த்தார். "அக்கா, நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க. நான் ஒரு டீ குடிச்சுட்டு வாரேன்" என்று போய்விட்டார். திரும்பி வந்தபோது நானே எல்லாவற்றையும் இறக்கி முடித்திருந்தேன். தோள்பட்டை இப்போது விண்விண் என்கிறது. தைலம் தீர்ந்துவிட்டது.

அக்டோபர் 5, ஞாயிறு

பூசை முடிந்து வாசலிலேயே ஸ்டெல்லா டீச்சரைப் பிடித்தேன். எங்கள் தெருவின் பங்குக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியத்துக்கு அவள்தான் தலைவி.

அக்டோபர், ஜெபமாலை மாதம். கோயிலிலிருந்து மாதா சுரூபம், அந்தச் சிலை, வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஓர் இரவு. மறுநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து மெழுகுவத்தியோடு அழைத்துப் போவார்கள். எல்லா வருடமும் எங்கள் காம்பவுண்டுக்குள் வருகிறது. சூசை வீட்டு ஹாலில் இருக்கிறது. மறுநாள் போய்விடுகிறது. பின்வீட்டில் தனி அடுப்பு, தனி வாசல், தனி மீட்டர் வைத்து இருக்கிற எனக்கு ஒரு வருடமும் வந்ததில்லை. கேட்டால் ஒரே காம்பவுண்டுதானே என்பார்கள். கல்யாணம் ஆகாத பொம்பளை இருக்கிற இடத்தை ஒருவரும் வீடு என்று எண்ணுவதில்லை. சூசை வீட்டு அக்கா. அவ்வளவுதான் நான்.

இந்த வருடம் விடுவதாக இல்லை.

"டீச்சர், மாதா எங்க வீட்டுக்கும் வரணும்."

"உங்க வீட்டுக்கு வருசா வருசம் வருதேக்கா."

"அது சூசை வீடு. என் வீட்டச் சொல்றேன்."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டாள். "பெரியவங்க கீழ ஒக்கார முடியாதேக்கா. சேர் இருக்கா? மாதாவ எதுல வைப்பீங்க?"

"ஆறு சேர் இருக்கு. மேசை இருக்கு. பாய் இருக்கு. நான் இருக்கேன்."

வருகிற பதினைந்தாம் தேதி, புதன்கிழமை என்று சொல்லிவிட்டாள். 14 சூசை வீடு, 15 என் வீடு, 16 புஷ்பம் பெரியம்மா வீடு.

மத்தியானம் சூசை பின்வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. ரிட்டயர் ஆகி இத்தனை வருடம் கழித்தும் கண்டக்டர் குரல். தெருவுக்கே கேட்கும்.

"அப்போ நாங்க வேற, நீ வேறயாக்கா?"

"வேறதான். நீ சூசை, நான் அமலம்."

"அப்பா கட்டுனது ஒரு வீடு."

"அதுல ரெண்டு அடுப்பு எரியுது."

போய்விட்டான். அவனுக்குக் கோபம் வந்தால் செருப்பை இழுத்து நடப்பான். சத்தம் முன்வீடு வரைக்கும் கேட்டது.

ராத்திரிக்குக் கஞ்சி. வெஞ்சனம் ஒன்றும் செய்யவில்லை. ஊறுகாய்.

அக்டோபர் 6, திங்கள்

பெயிண்டு கடை. தீபாவளிக் கூட்டம். ஊரே வீட்டுக்கு நிறம் அடிக்கிறது. முக்கால் மணி நேரம் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றேன். ஒரு ஸ்டூல் போட ஆளில்லை.

கடைக்காரர்: "ஆள் வச்சு பிரஷ்ல அடிச்சுருங்கம்மா. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு ஸ்ப்ரே?"

"பிரஷ்ல அடிச்சா கோடு கோடாத் தெரியும். போன்ல பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்" என்றேன்.

வாங்கியது:
கம்பி பிரஷ்
உப்புத்தாள், முரட்டு ரகம், வழவழ ரகம்
தின்னர்
ரெட் ஆக்சைடு சின்ன டப்பா (துருவுக்கு மேல் முதலில் பூசுவது)
ஸ்ப்ரே டப்பா: சில்வர், நீலம்
தைலம் (மறுபடி மறந்துவிட்டேன். இதை நாளைக்கு)

நீலத்தில் இரண்டே டப்பாதான் இருந்தது. மாதா அங்கியின் நீலம். மேசைக்கு அதுதான். நாற்காலிகளுக்குச் சில்வர் போதும்.

வீட்டுக்கு வந்து டப்பாவில் உள்ளதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. இங்கிலீஷ் எழுத்து மில்லில் கோன் அட்டை பார்த்துப் பார்த்து நானாக ஏற்றிக்கொண்டது. ஒருவரும் சொல்லித் தரவில்லை. டச் டிரை, பத்து நிமிடம் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. பத்தே நிமிடத்தில் காய்கிற பெயிண்டு. இதற்கு ஆள் வைக்கச் சொல்கிறார்கள்.

கீழே பொடி எழுத்தில் இன்னும் என்னவோ. என் கண்ணாடிக்கு எட்டவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

வெயில். நாள் முழுக்கச் சுரண்டல்.

துரு என்பது சீக்கு மாதிரி. மேலே சின்னக் கொப்புளம். தட்டினால் உள்ளே உள்ளங்கை அகலம். நாற்காலிகளுக்கு அவ்வளவு இல்லை. மேசையின் மேல் தகட்டில்தான் ஊர்ப்பட்ட துரு. கம்பி பிரஷ், பிறகு முரட்டுத் தாள், பிறகு வழவழத் தாள், பிறகு தின்னரில் நனைத்த துணி. மூக்கில் சிந்தினால் செங்கல் நிறம்.

முன்வீட்டில் லூர்து (கை வலி, இனி லூ. என்றே எழுதுகிறேன்) போனில் யாரிடமோ: "அத ஏன் கேக்குற. விடிஞ்சதுல இருந்து தேய்க்கிற சத்தம். பல்லு கூசுது எனக்கு. வாண்டாம்னு சொன்னாக் கேக்குற ஆளா அது?"

அது. நான் அஃறிணை ஆகிவிட்டேன்.

கையை மடக்க முடியவில்லை. சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

நாற்காலிகளுக்குச் சில்வர். நேற்றே ரெட் ஆக்சைடு பூசிக் காயவைத்திருந்தேன்.

டப்பாவை நன்றாகக் குலுக்க வேண்டும். உள்ளே ஒரு குண்டு கடகடவென்று ஓடும். அந்தச் சத்தம் சீராக வருகிற வரைக்கும் குலுக்கு என்று கைபேசியில் ஒரு ஆள் சொல்கிறான். சொல்லுவான். அவனுக்குத் தோள் இருக்கிறது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் ஓட்டி அடிக்க வேண்டும். நிறுத்தினால் வழியும். முதல் நாற்காலியில் வழிந்தது. இரண்டாவதில் கொஞ்சம். மூன்றாவதிலிருந்து கை பழகிவிட்டது. முடிந்ததும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தி மூக்கைச் சுத்தம் செய்ய வேண்டும். இல்லையென்றால் அடுத்த தடவை அடைத்துக்கொள்ளும்.

ஆள்காட்டி விரல் மரத்துவிட்டது.

அழகாக வந்திருக்கிறது. வேறு யாரும் சொல்லப்போவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பிறகு காற்று திரும்பியது. நான் கவனிக்கவில்லை. லூ. என் கொடியில் காயப்போட்டிருந்த வெள்ளைச் சேலை, கல்லறைத் திருநாளுக்குக் கட்ட எடுத்து அலசிப் போட்டதாம். முந்தியில் சில்வர் புள்ளி. மாவு தெளித்தது போல.

"கண்ணு தெரியலையா மதினி? தெரியாட்டி எதுக்கு இந்த வேல?"

"என் கொடி. உன் துணிய ஏன் இங்க போட்ட?"

"இம்புட்டு நாளும் இங்கதான் போடுறேன். இப்பத்தான் கொடியும் தனியாகிப் போச்சா?"

சூசை ஜன்னலில் நின்றான். ஜன்னலைச் சாத்தினான்.

தின்னரில் தேய்த்துப் பார்த்தேன். புள்ளி போகவில்லை, மங்கலாகப் பரவியது. சேலையை மடித்து அவள் படியில் வைத்துவிட்டு வந்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் வண்டியில் ஏற்றியது என் மேசை.

அக்டோபர் 11, சனி

மழை. விடிய ஆரம்பித்தது, விடவே இல்லை. மேசையை அடுப்படிக்குள் இழுத்து, ரெட் ஆக்சைடு பூசினேன். வீடு முழுக்க நெடி. தலைவலி. சாப்பிடவில்லை.

ஓட்டில் ஓர் இடத்தில் ஒழுகல். கீழே குண்டான் வைத்திருக்கிறேன். சொட்டு விழுகிற சத்தத்தில் தூங்கவும் முடியாது.

புதன்கிழமைக்கு இன்னும்: சுண்டல் கடலை, மெழுகுவத்தி, பூ, பாய் இரவல் (யாரிடம்? முன்வீட்டில் கேட்கப்போவதில்லை).

அக்டோபர் 13, திங்கள்

மழை செத்த நேரம் விட்டது. மேசையைப் பின்வாசலுக்கு இழுத்து நீலம் ஒரு கோட்டு. மெல்லிசாக. பிறகு இன்னொன்று. மறுபடி தூறல், மறுபடி உள்ளே. மேசைக்கு நாலு கால் இருக்கிறது, ஒன்றும் நடப்பதில்லை. எல்லாம் என் இடுப்பு.

தொட்டால் இன்னும் லேசாகப் பிசுபிசுப்பு. டப்பாவில் பத்து நிமிடம் என்று எழுதியவன் திண்டுக்கல்லில் மழையில் இருந்திருக்க மாட்டான்.

ஆனால் நிறம். விளக்கைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த அடுப்படியில் இந்த மாதிரி ஒரு பொருள் இதுவரை இருந்ததில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

சாயங்காலம் சூசை வீட்டில் ஜெபமாலை. போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவர்கள் மேசை மேல் லூ. வெள்ளைத் துணி விரித்து, பட்டுக்கரை வைத்து, பூத்தொட்டி எல்லாம். எல்லோரும் செய்கிற மாதிரி.

முடிந்ததும் ஸ்டெல்லா டீச்சர் சத்தமாக: "நாளைக்குச் சந்து வழியா அமலக்கா எடத்துக்கு."

எடம். வீடு என்று வாயில் வரவில்லை. பரவாயில்லை. சந்து வழியாக என்றாளே, அது போதும். முன்வீட்டு வழியாக வந்தால் திருப்பி அனுப்புவதாக இருந்தேன்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டால் மேசையின் நட்டநடுவில் பூனைக் கால். ஒன்று இரண்டு அல்ல. சாவகாசமாக உலாப் போயிருக்கிறது. ஓர் ஓரத்தில் உட்கார்ந்து யோசித்த தடமும் இருக்கிறது.

அழுகை வரவில்லை. அவ்வளவு அலுப்பு. கதவைச் சாத்திவிட்டுப் படுத்தேன்.

அக்டோபர் 15, புதன்

விடிகாலையில் எழுந்து பூனைத் தடத்தை வழவழத் தாளால் தேய்த்தேன். மிச்சமிருந்த நீல டப்பாவை முழுக்கக் காலி பண்ணினேன். கடைசியில் கொஞ்சம் தடியாகவே அடித்தேன். டப்பா தும்முகிற மாதிரி துப்பித் தீர்ந்தது. மின்விசிறியைத் திருப்பி வைத்தேன். வானம் மூட்டம்.

மத்தியானம் கடலை வேகவைத்தேன். தேங்காய்க் கீறல், மாங்காய் இல்லை, எலுமிச்சை.

நாலு மணிக்கு லூ. வந்தாள். சேலை விஷயத்துக்குப் பிறகு முதல் தடவை. கையில் பாய் இரண்டு, வெள்ளைத் துணி ஒன்று. கேட்காமலே கொண்டுவந்தாள். மேசையில் விரல் வைத்துப் பார்த்தாள்.

"மதினி, இது இன்னும் காயல. பிசுபிசுங்குது. துணியையாச்சும் விரிச்சு வைங்க."

"எனக்குத் தெரியும்."

"மாதாவ வெறும் மேசையில யாராச்சும் வைப்பாகளா?"

"துணிய விரிச்சு மூடுறதுக்கா இம்புட்டு நாள் தேச்சேன்? நெறம் தெரியணும்."

துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "ஒங்க வீடு. ஒங்க இஷ்டம்" என்றாள். கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்தது. பாயை விரித்துப் போட்டுவிட்டுத்தான் போனாள்.

ஆறரைக்குச் சந்து வழியாக வந்தார்கள். தூறலில் குடையோடு. நான் வாசலில் மெழுகுவத்தி பிடித்து நின்றேன். சுரூபத்தை ஸ்டெல்லா டீச்சரே கொண்டுவந்து மேசை மேல் வைத்தாள். பிளாஸ்டர் சுரூபம், நல்ல கனம்.

புஷ்பம் பெரியம்மா என் சில்வர் நாற்காலியில் உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்தது. எண்பதைத் தாண்டிய கண். "ஏண்டி அமலம், புதுசா வாங்குனியா?"

"பழசுதான் பெரியம்மா. நான் அடிச்சேன்."

"மாதா துணியும் மேசையும் ஒண்ணா இருக்கேடி."

நாற்காலி ஆறும் நிறைந்தது. பாயும் நிறைந்தது. சந்தில் கூட நின்றார்கள். சூசை வரவில்லை. ஜெபத்துக்கு நடுவில் முன்வீட்டிலிருந்து அவன் இருமுகிற சத்தம் கேட்டது. இரண்டு தடவை இருமினான். வரவில்லை.

சுண்டல் எல்லோருக்கும் வந்தது. எனக்குக் கொஞ்சம் குறைவு. பரவாயில்லை.

இப்போது எல்லோரும் போய்விட்டார்கள். மாதா மேசை மேல். நான் எதிரே நாற்காலியில். ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. கால் வீங்கியிருக்கிறது.

அக்டோபர் 16, வியாழன்

இதை எழுதியே ஆக வேண்டும்.

சாயங்காலம் புஷ்பம் பெரியம்மா வீட்டுக்கு மாதாவை அழைத்துப் போக எல்லோரும் வந்தார்கள். ஜெபம் முடிந்தது. ஸ்டெல்லா டீச்சர் சுரூபத்தைப் பிடித்துத் தூக்கினாள். வரவில்லை. மறுபடி தூக்கினாள். மேசை சேர்ந்து எழும்பியது.

"என்னாச்சு டீச்சர்?"

"தெரியலையே. நகர மாட்டேங்குது."

இன்னொருவர் வந்து பிடித்தார். மேசைக் கால் தரையில் கிறீச்சிட்டது. சுரூபம் மேசையை விடவில்லை. "வலுவா இழுக்காதீக, பிளாஸ்டரு, அடியோட ஒடஞ்சுரும்" என்று யாரோ.

அப்போது புஷ்பம் பெரியம்மா எழுந்து நின்றது. கையில் ஜெபமாலை.

"அவளுக்குப் போக மனசில்ல. பாருங்க. இத்தன வருசமா இந்த வாசலுக்கு நாம கூட்டிட்டு வரலைல. ஒரு நாள்தான் வச்சோம். போக மாட்டேங்குறா."

மழை ஓட்டில் விழுகிற சத்தம் மட்டும். பின்னால் ஒருத்தி முழங்கால் போட்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. ஸ்டெல்லா டீச்சர் என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "அமலக்கா, எங்கள மன்னிச்சுருங்கக்கா" என்றாள்.

இத்தனை வருடம் நான் கேட்டது அப்படியே தட்டில் வந்து நின்றது. வாயைத் திறக்காமல் நின்றால் போதும். இந்தத் தெருவில் இனி என் வீட்டைத் தாண்டி யாரும் மாதாவைக் கொண்டுபோக முடியாது.

நான் லூர்துவைப் பார்த்தேன். கதவோரம் நின்றாள். அவளுக்குத் தெரியும். நேற்று விரல் வைத்துப் பார்த்தவள் அவள். துணி கொண்டுவந்தவள் அவள். ஒரு வார்த்தை சொன்னால் நான் தெருச் சிரிப்பு. அவள் வாயைத் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். எனக்காக விட்டுக்கொடுக்கிறாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"பெயிண்டு காயல" என்றேன்.

"என்னக்கா?"

"பெயிண்டு. நேத்துக் காலையில பூனைத் தடத்த மறைக்க இன்னொரு கோட்டு அடிச்சேன். தடியா அடிச்சுட்டேன். லூர்து சொன்னா, காயல, துணிய விரிங்கன்னு. நான்தான் கேக்கல. ஒட்டிக்கிச்சு. அம்புட்டுத்தான். எல்லாரும் எந்திரிங்க."

முழங்கால் போட்டவள் மெதுவாக எழுந்து சேலையைத் தட்டினாள். ஒரு ஆள் சிரித்தார், பிறகு எல்லோரும். ஸ்டெல்லா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். புஷ்பம் பெரியம்மா மட்டும், "பெயிண்டுன்னா என்னடி? அத ஒட்ட வச்சது யாரு?" என்று முணுமுணுத்தது.

முகம் எரிந்தது. ஆனால் நான் கேட்டது இது ஒரு வீடு என்கிற கணக்கு மட்டும்தான். புதுமை, மாதா செய்த அற்புதம் என்று ஆகிவிட்டால் இது கும்பிட வருகிற இடம். என் வீடாக இருக்காது. வருகிறவர்களுக்கெல்லாம் பொய் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு இந்த உடம்பில் தெம்பு இல்லை.

சரி, இப்போது மாதாவை எப்படிக் கொண்டுபோவது? பிளேடு விட்டுச் சுரண்டலாம் என்றார் ஒருவர். தின்னர் ஊற்றலாம் என்றார் இன்னொருவர். மாதா மேல் தின்னரா என்று பெரியம்மா சண்டைக்கு வந்தது.

"மேசையோடவே தூக்கு."

சூசை. வாசலில். எப்போது வந்தான், எவ்வளவு கேட்டான், தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். வருடக்கணக்கில் இந்த நிலைப்படியைத் தாண்டாதவன். மேசையின் ஒரு பக்கம் பிடித்தான். மறுபக்கம் பிடிக்க ஒரு ஆள் வந்தார்.

"தள்ளுங்க. என் மேசை" என்றேன்.

"ஒனக்கு இடுப்பு வலிக்குமேக்கா" என்றான் சூசை.

"உனக்கு வலிக்கலையா?"

"வலிக்குது."

இரண்டு பேருமாகத் தூக்கினோம். சந்து குறுகல். அவன் பின்பக்கமாக நடந்தான், பஸ்ஸுக்கு ரிவர்ஸ் சொல்கிற மாதிரி நானே அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. "வரலாம், வரலாம், இடது, நில்லு, படி." லூ. குடை பிடித்தாள், எங்களுக்கு அல்ல, மாதாவுக்கு. பின்னால் பாட்டு. பெரியம்மா வீடு நாலாவது வாசல்தான். மூன்று இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம். ஒவ்வொரு இடத்திலும் சிரிப்பு வந்தது. அவனுக்கு. எனக்கு இல்லை. கடைசி இடத்தில் எனக்கும் கொஞ்சம்.

பெரியம்மா வீட்டில் வைத்த பிறகு ஸ்டெல்லா டீச்சர், "மாசம் முடியுற வரைக்கும் மேசையோடவே சுத்தட்டும். ஒவ்வொரு வீட்லயும் மேசை தேடுற வேல மிச்சம்" என்றாள்.

என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் கேட்டிருக்கலாம்.

அக்டோபர் 17, வெள்ளி

எழ முடியவில்லை. இடுப்பில் தைலம். (லூ. கொடுத்தனுப்பியது. பாட்டில் புதுசு.)

அடுப்படியில் மேசை இருந்த இடம் வெறுமையாக. தரையில் நீல விளிம்பு மட்டும் சதுரமாக. ஸ்ப்ரே அடித்தபோது சிதறியது. தேய்த்தால் போகுமா தெரியாது.

பூதக்கண்ணாடியை வைத்து டப்பாவின் பொடி எழுத்தைப் படித்தேன். முழுசாகக் காய ஒரு நாள். ஈரக் காலத்தில் இன்னும் கூடுதல். கனமான பொருள் வைக்காதே.

படிக்காதவள் என்று யாராவது சொன்னால் சண்டை போடுவேன். படித்தேன். பாதி படித்தேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று தீபாவளி. தெருவெல்லாம் வெடிக் காகிதம், மழையில் கூழாகிக் கிடக்கிறது.

லூ. சில்வர் புள்ளிச் சேலையைக் கொடியில் போட்டிருந்தாள். என் கொடியில். சாயங்காலம் மழை வந்தபோது நான்தான் எடுத்து உள்ளே வைத்தேன். புள்ளி சேலைக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. இதை அவளிடம் சொல்லமாட்டேன்.

சூசை வரவில்லை. ஆனால் ஜன்னல் திறந்திருக்கிறது.

அக்டோபர் 30, வியாழன்

தூறல். சளி. தொண்டையில் முள்.

மாதாவுக்குக் கடைசி வீடு. தெருக்கோடி. போக முடியாது என்று படுத்திருந்தேன். பிறகு மேசையைப் பார்க்கலாம் என்று போனேன்.

மேசை மேல் மெழுகு சொட்டிச் சொட்டிச் சின்னச் சின்ன மேடு. பூ காய்ந்து ஒட்டியிருக்கிறது. ஒரு மூலையில் நீலம் உரிந்து ரெட் ஆக்சைடு தெரிகிறது, யாரோ வாசல் நிலையில் இடித்திருக்கிறார்கள். கவனமாகத் தூக்கத் தெரியாது ஒருவருக்கும். கறையும் காயமுமாக இருந்தாலும் துணி விரிக்கவில்லை. ஒரு வீட்டிலும் விரிக்கவில்லையாம்.

அந்த வீட்டுக்குச் சித்தையன்கோட்டையிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். ஜெபம் ஆரம்பிக்கும் முன்னால் அந்தச் சம்பந்தி அம்மா பக்கத்தில் இருந்தவர்களிடம் மெதுவாகக் கேட்டாள்: "மேசை நல்லாருக்கே, மாதாவுக்குன்னே செஞ்ச மாதிரி. யாரு வீட்டுது?"

சூசை வாசல்பக்கம் நின்றிருந்தான். நான் தூணுக்குப் பின்னால் இருந்ததை அவன் பார்க்கவில்லை. அந்தக் கண்டக்டர் குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி:

"அதா? அது எங்க அக்கா வீட்டு மேச."

"அக்கா வீடு எங்க இருக்கு?"

"எங்க வீட்டுக்குப் பின்னால. தனி வாசல். சந்து வழியாப் போகணும்."

எனக்குள் தனியாகச் சொல்லிக்கொண்டிருந்த ஜெபமாலையில் எண்ணிக்கை விட்டுப்போனது. எந்த மணியில் இருந்தேன் என்று தெரியவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

நாளை சுரூபம் கோயிலுக்குத் திரும்ப வேண்டும். மேசையிலிருந்து பிரிக்கக் காலையில் தின்னர் வாங்க வேண்டும். மெல்லிய பிளேடு லூர்து வீட்டில் இருக்கிறது, போய்க் கேட்க வேண்டும்.